படகின் நடுக்கயிறு

எங்கள் லொறி யார்டில் இப்போது சாமான் கட்டக் கயிறு போடுவதில்லை. மஞ்சள் பட்டிதான். ஒரு முனையில் இரும்புப் பிடி இருக்கும். அதை ஆட்ட ஆட்டப் பட்டி இறுகிக்கொண்டே போகும். பெல்ட் என்கிறார்கள். முன்பு ஒரு ஆள் லொறியின் பக்கப்பலகையில் காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து இழுத்தால் வரும் இறுக்கம், இப்போது ஒரு கையில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டே மற்றக் கையால் வந்துவிடுகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

புதிய மேனேஜர் நல்ல பிள்ளை. "கரீம் நானா, ஒருக்கா வந்து எங்கட பொடியன்மாருக்கு ஒங்கட அனுபவத்தச் சொல்லுங்களேன்" என்று கனமூலைக்கு, என் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். போனேன். வாயைத் திறந்ததும் என் பழைய நோய் வந்துவிட்டது. டயரில் தொடங்கி, கொக்கி, படங்கு, மழை, ரோட்டில் படுக்கும் மாடு, ரயில் கடவை என்று என்னிடம் இருந்த எல்லாப் பயத்தையும் ஒரேயடியாகக் கொட்டினேன். பொடியன்கள் மரியாதையாகக் கொட்டாவியை அடக்கிக்கொண்டு இருந்தார்கள். கடைசியில் ஒருவர் கேட்டார்.

"நானா, எல்லாம் சரி. எவ்வளவு இறுக்கணும்? அத மட்டும் சொல்லுங்க."

அந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் ஒரு மனிதனின் மவுத்து, ஒரு சாவு. வேலைக்குப் புறப்பட்டு நிற்கும் பிள்ளைகளிடம் அதை எப்படிச் சொல்வது? அதனால்தான் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை இருந்தால் மகள் திருத்துவாள். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டேன். ஓம் என்றார்கள். ஓம் என்ற பிறகும் பயமாகத்தான் இருக்கிறது.

என் வாப்பா உப்பளத்தில் வேலை செய்தவர். உப்புத் தண்ணீரில் நின்று நின்று கால் புண்ணாகி அவர் வீட்டோடு இருந்துவிட்ட பிறகு, நான் லொறியில் கிளீனராக ஏறினேன். கிளீனர் என்றால் கழுவுவது மட்டும் இல்லை. ஏற்றுவது, அடுக்குவது, கட்டுவது, வழியில் பார்ப்பது, இறக்குவது எல்லாம் அவன்தான். ஏற்றிய சாமான் ஏற்றியபடி இறங்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. சொல்வதற்குச் சின்னது.

பழகிய வருடங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கூரை ஓட்டைப் படுக்கப் போடாதே, நெட்டுக்கு அடுக்கு. கண்ணாடியைச் சாய்க்காதே, நிறுத்திக் கட்டு. கற்பிட்டி வெங்காயத்துக்கு மேலே போர்த்தும் படங்கை முழுதாக மூடாதே, காற்று வேண்டும். உப்பு ஏற்றி வந்த லொறியைக் கழுவாமல் அடுத்த சாமானைத் தொடாதே. உப்பு பெயின்ட்டுக்குக் கீழே புகுந்து கொக்கியைத் தின்றுவிடும். மேலே பளபளவென்று இருக்கும், இழுத்தால் கையோடு வரும். சில்லு கழற்றும் சாவியால் ஒவ்வொரு கொக்கியையும் தட்டிப் பார்ப்போம். நல்ல கொக்கி கணீரென்று சொல்லும். செத்த கொக்கி பேசாது.

இதெல்லாம் ஜப்பார் நானா சொல்லித் தந்தது. சொல்லித் தந்தது என்பதும் பிழை. அவர் சொல்லவே மாட்டார்.

ஜப்பார் நானா எங்கள் யார்டின் மூத்த சாரதி. ஒல்லியான ஆள். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் சிங்களத்தில் மெதுவாக ஏதோ சொல்லிக்கொள்வார். நாங்கள் கட்டும்போது ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். முடிந்தது என்றதும் எழும்பி லொறியைச் சுற்றி வருவார். ஒவ்வொரு கயிற்றுக்கும் கீழே உள்ளங்கையை நுழைத்துப் பார்ப்பார். உள்ளங்கை தட்டையாகப் போக வேண்டும். போகாவிட்டால் இறுக்கம் கூட. கையைப் பொத்தியும் போனால் தளர்வு. இரண்டும் அவருக்கு ஒரே பிழைதான். பிழை என்றால் பிழை என்று சொல்ல மாட்டார். முழுக் கட்டையும் அவிழ்த்து நிலத்தில் போட்டுவிட்டுத் திரும்பவும் வாளியில் போய் இருப்பார். மதிய வெயிலில் அது அடியைவிட மோசம்.

புறப்பட்ட பிறகும் ரேடியோ போட மாட்டார். கொஞ்ச தூரம் ஓட்டி, நிழல் கண்ட இடத்தில் நிறுத்தி, இறங்கி, திரும்பவும் கையை நுழைப்பார். "சாமான் இப்பதான் இருக்கப் பழகுது" என்பார். அந்த முதல் நிறுத்தத்துக்குப் பிறகுதான் அவர் முகம் இளகும். பிறகு கதைப்பார். பெரும்பாலும் என்னைப் பற்றித்தான்.

"கரீமு, நீ பயப்படுற எல்லாத்துக்கும் கயிறு போடுறண்டா, சிலோன்ல கயிறு காணாது."

நான் அப்படித்தான். சின்னதில் இருந்தே. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி ஓடும் ஆள்.

இனி மர்சூக்கின் படகு.

மர்சூக் கண்டக்குழிக்காரர். சின்ன வயதில் இருந்து மற்றவர்களின் படகில் கூலிக்குப் போனவர். முதல் முறையாகச் சொந்தப் படகு வாங்கினார். சிலாபத்துக்குத் தெற்கே ஓர் இடத்தில் வார்த்த பைபர் படகு. வெள்ளை, ஓரத்தில் பச்சைக் கோடு. அதைக் கண்டக்குழிக்குக் கொண்டுவரும் வேலை ஜப்பார் நானாவுக்கும் எனக்கும் கிடைத்தது. மர்சூக்கோடு அவருடைய மனைவி நஜீஹாவின் சொந்த நானா, அதாவது அண்ணன், பயாஸ் வந்திருந்தார். நஜீஹாவுக்கு உம்மா வாப்பா இல்லை. கூடப் பிறந்தது இந்த ஒருவர்தான். மச்சானும் மச்சானும் சேர்ந்தே கடலுக்குப் போவார்கள், சேர்ந்தே சண்டை பிடிப்பார்கள்.

படகு எங்கள் லொறியைவிட நீளம். மணல் நிரப்பிய சாக்குகளைப் பழைய டயர்களின் மேல் வைத்து இரண்டு மெத்தை செய்தேன். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. பாரமான பின்பக்கம் கபினை ஒட்டி வரும்படியும், கூரான முன்பக்கமான அணியம் லொறிக்கு வெளியே நீளும்படியும் படகைத் திருப்பி ஏற்றச் சொன்னார் ஜப்பார் நானா. மர்சூக்குக்கு அது பிடிக்கவில்லை.

"புதுப் படகு நானா. பின்னால பின்னாலயா ஊருக்குப் போற? பாக்கிறவன் என்ன சொல்வான்?"

"ரோட்டுல அல இல்ல மகன். யாரும் பாத்துச் சிரிச்சா நான் எறங்கிக் கதைக்கிறன்."

பயாஸ் சிரித்துவிட்டார். "மச்சானும் கலியாணத்துக்கு அப்படித்தானே வந்த. பின்னால பின்னால."

மூன்று கயிறு போட்டோம். முன் மெத்தைக்கு நேரே ஒன்று, பின் மெத்தைக்கு நேரே ஒன்று. அவை இரண்டும்தான் படகைப் பிடிக்கும் கயிறுகள். மூன்றாவது நடுவில். அது படகு பக்கவாட்டில் ஆடாமல் இருக்க வெறும் காவலுக்கு. நடுவில் படகுக்குக் கீழே மெத்தை இல்லை, வெறும் இடம். கடலில் படகுக்கு வயிறு முழுதும் தண்ணீர் தாங்கும். லொறியில் இரண்டு இடத்தில்தான் தாங்கல். நடுக்கயிற்றை இறுக்கினால், இரண்டு கல்லுக்கு மேல் வைத்த பலகையை நடுவில் மிதிப்பது போல. அதனால் நடுக்கயிற்றுக்கு மட்டும் உள்ளங்கை கொஞ்சம் தாராளமாகவே போகலாம்.

இது எனக்குத் தெரியும், ஜப்பார் நானாவுக்குத் தெரியும். படகுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. படகைப் பற்றிப் படகுக்காரனுக்கு யார் சொல்லுவார்?

மர்சூக் முன்னால் கபினில் ஏறினார். பயாஸும் நானும் பின்னால், படகுக்குப் பக்கத்தில். வழி முழுதும் என் வாய் ஓயவில்லை. கரண்ட் கம்பி தாழ்வாக இருக்கிறது, பாலம் வருகிறது, அந்த பஸ் நெருங்குகிறது. பயாஸ் முதலில் சிரித்தார். பிறகு கேட்டார், "நானா, கயிறு அவுந்து சாமான் விழுந்தத நீங்க கண்டிரிக்கிங்களா?" கண்டிருக்கிறேன் என்றேன். கண்ட எல்லாவற்றையும் சொன்னேன். வளைவில் சரிந்த சீமெந்து, பிரேக் பிடித்ததும் கபினுக்குள் புகுந்த கம்பிக் கட்டு. பிறகு அவர் சிரிக்கவில்லை. நடுக்கயிற்றையே பார்த்துக்கொண்டு வந்தார். மற்ற இரண்டும் விறைப்பாக இருக்க, அது மட்டும் கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது.

முந்தல் பள்ளிவாசலில் லுஹர், நடுப்பகல் தொழுகைக்கு நிறுத்தினோம். படகைத் தனியே விட எனக்கு மனம் வரவில்லை. "பயாஸ், நீங்க நிண்டுகொள்ளுங்க. நாங்க வந்த பொறகு நீங்க போங்க. கயித்துல ஒரு கண் வச்சுக்கொள்ளுங்க" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். கயிற்றைத் தொட வேண்டாம் என்று சொல்லவில்லை.

கண்டக்குழிப் பக்கம் படகைக் கரைக்கு ஏற்றிக் கட்டும்போது, கயிற்றுக்கு நடுவில் ஒரு தடியை நுழைத்து முறுக்கி விடுவார்கள். அலை கொந்தளிக்கும் வாரக்கடல் காலத்தில் அப்படிச் செய்யாவிட்டால் விடியும்போது படகு இருக்காது. அவர்களுக்குத் தளர்ந்த கயிறு என்றால் தொலைந்த படகு. அதைப் பார்த்துக்கொண்டு கை சும்மா இருக்காது.

தொழுதுவிட்டு வந்தபோது மர்சூக் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடையில் பாண் வாங்கிக்கொண்டிருந்தார். நானும் ஜப்பார் நானாவும்தான் லொறிக்கு முதலில் வந்தோம். பயாஸ் பின்பலகையில் உட்கார்ந்திருந்தார். மேலில் சேட் இல்லை. புழுக்கத்துக்குக் கழற்றியிருப்பார் என்று நினைத்தேன்.

நடுக்கயிற்றில் ஒரு காட்டுத் தடி முறுக்கிக் கிடந்தது. கயிறு கம்பி போல நின்றது. படகின் இரண்டு ஓரமும் உள்ளுக்கு வளைந்திருந்தன.

"இனிப் பயமில்ல நானா" என்றார் பயாஸ். "ஒரு இஞ்சுகூட அசையாது."

ஜப்பார் நானா தடியைப் பிடித்து, சட்டென்று விட்டுவிடாமல், ஒவ்வொரு சுற்றாகத் திருப்பித் தளர்த்தினார். ஓரம் மெதுவாக வெளியே வந்தது. கயிற்றுக்கும் படகுக்கும் நடுவில் ஏதோ துணி இருந்தது. எடுத்தேன். பயாஸின் சேட். நீலக் கோடு போட்டது. நாலாக மடித்து வைத்திருந்தார். கயிறு அழுத்தியதில் அதன் முறுக்கு அப்படியே துணியில் பதிந்திருந்தது.

"சத்தம் ஏதும் வந்திச்சா?" என்று கேட்டேன்.

"என்ன சத்தம்?"

"டக்கெண்டு. குச்சி ஒடியிற மாதிரி."

"இல்ல நானா. பஸ் போன சத்தம்தான் கேட்ட."

ஜப்பார் நானா படகுக்குக் கீழே ஊர்ந்து போய்ப் பார்த்தார். அந்த இடம் இருட்டு. ஒன்றும் தெரியவில்லை என்று வெளியே வந்தார். முழங்காலில் மண்ணைத் தட்டிக்கொண்டு பயாஸின் தோளில் கையை வைத்தார். "இனிக் கயித்துல கை வைக்க வேணாம் மகன். பயந்தா எங்களக் கூப்பிடுங்க." அப்போதுதான் பயாஸின் முகம் மாறியது. மர்சூக் பாணோடு வந்தபோது தடி ரோட்டோரத்துப் பற்றையில் கிடந்தது.

பாலாவியில் திரும்பிக் கற்பிட்டி ரோட்டால் போகும்போது நான் வாயைத் திறக்கவில்லை.

கண்டக்குழியில் கரை முழுதும் ஆட்கள். துஆ ஓத லெப்பை வந்திருந்தார், பழமும் பேரீச்சையும் தட்டில் இருந்தன. ஆட்கள் படகைத் தோளில் எடுத்தார்கள். மணலில் வைப்பதற்கு முன் நான் குனிந்து அடியைப் பார்த்தேன். நடுவில் குறுக்காக ஒரு கோடு. தலைமுடி அளவு. இருந்ததா, என் கண்தானா என்று இன்றும் என்னால் சத்தியம் பண்ண ஏலாது. ஆனால் சொன்னேன்.

"மர்சூக், இங்க ஒரு கோடு இரிக்கி. கடல்ல எறக்க வேணாம். உள்ளுக்குத் தண்ணி நெரப்பி வச்சுப் பாருங்க."

அவர் குனிந்து பெருவிரலால் துடைத்துப் பார்த்தார். "இது அச்சுல வார கோடு நானா. எல்லாப் படகுலயும் இரிக்கி."

"இல்ல, இது குறுக்கால போகுது."

"நானா," என்று நிமிர்ந்து எல்லாரும் கேட்கச் சொன்னார், "காலையில இருந்து நீங்க சொன்ன ஆபத்தெல்லாம் நடந்திருந்தா, நாங்க இண்டைக்குச் சிலாபத்துலயே மவுத்து."

கரையே சிரித்தது. நானும் சிரித்தேன். என்ன செய்வது, அவர் சொன்னது உண்மை. பாலத்துக்கும் பயந்தேன், பஸ்ஸுக்கும் பயந்தேன், அதே குரலில்தான் இந்தக் கோட்டுக்கும் பயந்தேன். எது பயம், எது அறிவு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஜப்பார் நானா மட்டும் சிரிக்கவில்லை. "மகன், வழியில நடுக்கயிறு கூட இறுகிப் போச்சு. கரீமு சொல்றதுக்காக வேணாம், நான் சொல்றன். பொறுத்துப் பாருங்க. பைபர் வேல தெரிஞ்ச ஆள் ஒருத்தரக் காட்டுங்க" என்றார். யார் இறுக்கியது என்று சொல்லவில்லை. அத்தனை பேருக்கு முன்னால், மச்சானுக்கு முன்னால், எப்படிச் சொல்வது? பயாஸ் பக்கத்தில்தான் நின்றார். கசங்கிய சேட் கையில் இருந்தது. போட்டுக்கொள்ளவில்லை.

"பாக்கிறன் நானா, பாக்கிறன்" என்றார் மர்சூக். அவருடைய கண் படகில் இல்லை, கடலில் இருந்தது. கடல் அன்றைக்குக் கண்ணாடி போலக் கிடந்தது.

அவர் காட்டவில்லை. சில வாரம் கடலுக்குப் போய் வந்தார். ஒன்றும் ஆகவில்லை. நானும் கொஞ்சம் ஆறுதலடைந்தேன், என் பயம் வழக்கம்போல வீண் பயம் என்று.

பிறகு ஒரு காலை யார்டில் நாங்கள் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஜப்பார் நானாவுக்கு போன் வந்தது. கேட்டார். போனை மடியில் வைத்துக்கொண்டு வாளியில் இருந்தார். "மர்சூக் மவுத்தாப் போயிட்டான்" என்றார்.

வெளிக்கடலில் காற்று எழும்பியிருக்கிறது. திரும்பி வரும் வழியில் அலை அடிக்க அடிக்க, படகின் நடுவால் தண்ணீர் வந்திருக்கிறது. முதலில் கசிவு, பிறகு ஒரே அடியில் திறந்துவிட்டது. பயாஸ் பெட்ரோல் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். மற்றப் படகுக்காரர்கள் கண்டு எடுத்தார்கள். மர்சூக்கின் காலில் வலை சுற்றிக்கொண்டது.

மூன்றாம் நாள் கத்தம் ஓதலுக்கு நானும் ஜப்பார் நானாவும் போனோம். போக வேண்டாம், அடிப்பார்கள் என்று நான் சொன்னேன். "அடிச்சா வாங்குவம்" என்றார்.

ஒருவரும் அடிக்கவில்லை. பந்தலுக்குக் கீழே உட்காரக் கதிரை தந்தார்கள். யாரும் பக்கத்தில் வந்து இருக்கவில்லை. பயாஸ் சுவரோரம் பாயில் இருந்தார். தோலெல்லாம் வெயிலிலும் உப்பிலும் உரிந்திருந்தது. எங்களைப் பார்க்கவில்லை. உள்ளறை வாசலில் திரை. அதற்குப் பின்னால் நஜீஹா. புருசன் மவுத்தானதால் ஆண்கள் பார்வையில் படாமல் இத்தா இருந்தாள். கைக்குழந்தை அழும் சத்தம் கேட்டது.

பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் வயதான மனிதர். நேரே கேட்டார்.

"ஜப்பார், மறைக்காமச் சொல்லுங்க. கயிறு கூட இறுகிட்டதா கரையில வச்சு நீங்கதான் சொன்ன. ரோட்டுல என்ன நடந்த?"

உள்ளே குழந்தையின் அழுகை நின்றது. திரைக்குப் பின்னால் அவள் காது கொடுக்கிறாள் என்று தெரிந்தது. பயாஸ் பாயின் ஓரத்து ஓலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். என் முழங்காலை ஜப்பார் நானாவின் கை அழுத்தியது. கயிற்றுக்குக் கீழே நுழைக்கும் அதே கை.

"எங்கட கட்டுலதான் பிழ" என்றார். "நடுக்கயிற இறுக்கினது பிழ. லொறியில இரிக்கும் மட்டும் சாமானுக்குப் பொறுப்பு நாங்க. வேற ஆள் இல்ல."

யாரோ "அல்லாஹ்" என்றார்கள். யாரோ காறித் துப்பினார்கள். பயாஸ் தலையை நிமிர்த்தி ஒரு தரம் ஜப்பார் நானாவைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது நான் கத்தினேன். வாழ்நாளில் அவரோடு நான் சத்தம் போட்டது அந்த ஒரு தடவைதான்.

"ஏன் நானா பொய் சொன்ன? நம்மட கட்டுல என்ன பிழ? ஊரே நம்மளக் கொலகாரன் எண்டு சொல்லும்!"

நுரைச்சோலை தாண்டியதும் அவர் சொன்னார்.

"அந்தப் புள்ளைக்குப் புருசன் போயிட்டான். இரிக்கிறது நானா ஒருத்தன். அவனயும் எடுக்கச் சொல்றியா?"

"அதுக்காகப் பொய்யா?"

"பொய்தான். அத நான் அல்லாஹ்கிட்ட சொல்லிக்கிறன். நீ வாய மூடு."

மூடினேன்.

அதற்குப் பிறகு எங்கள் முதலாளி ஹாஜியார் ஜப்பார் நானாவுக்குப் படகு, கண்ணாடி, ஓடு ஒன்றும் கொடுக்கவில்லை. உப்புதான். புத்தளத்தில் ஏற்றிக் கொழும்பில் இறக்குவது. உப்பு மூட்டைக்கு யார் கட்டினாலும் போதும். அவர் அதற்கும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு இருந்து பார்த்தார், அதற்கும் உள்ளங்கையை நுழைத்தார், அதற்கும் முதல் நிறுத்தம் நிறுத்தினார். தேத்தண்ணிக் கடைகளில் "படகு உடைச்ச ஜப்பார்" என்று பெயர் விழுந்தது. அவருக்குக் கேட்கும்படியே சொன்னார்கள். ஒரு நாள் நான் பொறுக்க முடியாமல் எழும்பினேன். "இரி கரீமு. தேத்தண்ணி ஆறுது" என்றார்.

நான் மட்டும் அவரோடு உப்பு லொறியில் கடைசி வரைக்கும் போனேன். வேறு சாரதிகள் கூப்பிட்டார்கள். போகவில்லை. அவரிடம் நான் ஒரு தடவை கேட்டேன், பயாஸுக்கு அந்தப் பயத்தைக் கொடுத்தது என் வாய்தானே என்று. சாதாரண ஆளாக இருந்தால் இல்லை என்று ஆறுதல் சொல்லியிருப்பார். அவர் யோசித்தார். "பயத்தக் குடுத்த. அதோட என்ன செய்ய வேணாம் எண்டத நீயும் சொல்லல்ல, நானும் சொல்லல்ல" என்றார். பொடியன்களுக்கு நான் சொல்ல வேண்டியிருந்ததும் அதுதான். சாமானின் சொந்தக்காரர் பக்கத்தில் நின்று பார்க்கிறார் என்றால், எந்தக் கயிறு எதற்கு என்று அவருக்குச் சொல்லுங்கள். எது ஏன் தளர்வாக இருக்கிறது என்று சொல்லுங்கள். சாமானில் அக்கறை உள்ள கைதான் கூட இறுக்கும். அக்கறை இல்லாத கை அதைத் தொடவே தொடாது. பெல்ட்டானாலும் கயிறானாலும் உள்ளங்கை போக வேண்டும், பொத்திய கை போகக் கூடாது. பிடியை இன்னும் ஒரு தரம் ஆட்டலாம் என்று தோன்றும் இடத்தில், சாமானுக்குக் கீழே தாங்கல் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

ஜப்பார் நானா போன வருடம் மவுத்தானார். மதுரங்குளியில் அடக்கினோம். பெரிய கூட்டம் இல்லை. மண் போட்டு முடிந்து துஆ ஓதி ஆட்கள் கலைய முன், பின்னால் நின்ற ஒருவர் முன்னுக்கு வந்தார். தாடி நரைத்திருந்தது. எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

"ஒரு நிமிசம் எல்லாரும் நில்லுங்க" என்றார். "நான் கண்டக்குழி பயாஸ். இந்த மனிசன்ட கட்டுல பிழ இல்ல. தடி போட்டு முறுக்கின நான். என்ட மச்சான்ட படக ஒடச்சது நான். இவர் எனக்காக ஏத்துக்கொண்ட. இவர் உசிரோட இரிக்கேக்க சொல்ல எனக்குத் தைரியம் வரல்ல. ராவு என்ட தங்கச்சிட்ட சொல்லிட்டன். இப்ப உங்ககிட்ட சொல்றன்."

மண்வெட்டியை வைத்திருந்தவர் அதை நிலத்தில் வைத்த சத்தம் கேட்டது.

சில நாளில் நஜீஹாவிடம் இருந்து எனக்கு போன் வந்தது. ஒருக்கா வந்துவிட்டுப் போகச் சொன்னாள். எதற்கு என்று சொல்லவில்லை. அந்த இரவு முழுதும் என்ன கேட்பாள், என்ன சொல்வது என்று புரண்டு படுத்தேன். காலையில் பஸ் ஏறினேன்.

வேலிக்கு வெளியே வெயிலில் பயாஸ் நின்றார்.

"உள்ளுக்கு வரல்லயா?"

"அவ இன்னம் வரச் சொல்லல்ல நானா. நானும் ஒவ்வொரு நாளும் வந்து நிக்கிறன்."

நஜீஹா எனக்குக் கதிரை போட்டாள். தலைத்துணி ஓரத்தைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். இருக்கவில்லை. நெடுநேரம் என் சுகத்தை விசாரித்தாள். பிறகு கேட்டாள்.

"நானா, படகு எடுக்கப் போன அண்டைக்குக் காலையில ரெண்டு பேரும் வீட்டுல சண்ட பிடிச்சுக்கொண்டுதான் போன. பெரிய சண்ட. எனக்கு ஒண்டே ஒண்டு தெரியணும். அந்தக் கயிற அவர் கோவத்துல இறுக்கின மாதிரி இரிந்திச்சா?"

இத்தனை வருடம் பயந்த கேள்விகளில் இது இல்லை. இதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது.

"இல்ல மகள். நான் கண்ணால கண்ட. பெயின்ட்டுல கயிறு உரசக் கூடாதெண்டு, போட்டிருந்த சேட்டக் கழட்டி நாலா மடிச்சுக் கயித்துக்குக் கீழ வச்சிருந்த. வெயில்ல வெறும் மேலோட இரிந்த."

அவள் சுவரைப் பிடித்தாள்.

"நீலக் கோடு போட்ட சேட்டா?"

"ஓம்."

"அது நான் பெருநாளைக்கு எடுத்துக் குடுத்த" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அழுதாள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுது முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு குசினிப் பக்கம் போனாள். கோப்பைகளை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. உள்ளே இருந்தே சொன்னாள்.

"வெளியில நிக்கிற எங்கட நானாவ வரச் சொல்லுங்க. வெயிலா இரிக்கி."